உங்களுக்குத் தெரியுமா? 1948-இல் பிறந்த இரண்டு அலுமினிய வண்டிகள்

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறி ரிங்லெட்டைத் தொட்டதுமே பழைய லேண்ட் ரோவர்கள் கண்ணில் படத் தொடங்கிவிடும். தேயிலைச் சரிவுகள் அதற்குப் பிறகுதான். முட்டைகோஸ் கூடை, உரச்சாக்கு, பூந்தொட்டி, வேலையாட்கள் என்று எதையாவது சுமந்தபடி மலேசியாவின் கேமரன் மலையெங்கும் அவை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

இந்த வண்டி உலகுக்கு அறிமுகமான அதே 1948-இல் இத்தாலியில் இன்னொரு வண்டி மேடையேறியது. அதன் பெயர் ஃபெராரி 166 எம்.எம். இன்று அது பல மில்லியன் டாலருக்கு ஏலம் போகிறது. லேண்ட் ரோவரோ இன்னும் சேற்றில் நின்று மூட்டை சுமக்கிறது. இரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்ப்போமா?

மணலில் ஒரு வரைபடம்

பிரிட்டனின் ரோவர் நிறுவனத்தில் தலைமைப் பொறியாளராக இருந்தவர் மாரிஸ் வில்க்ஸ். வேல்ஸ் பகுதியின் ஆங்கில்சி தீவில் அவருக்கு ஒரு பண்ணை இருந்தது. அங்கே போரில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை வைத்து வேலை பார்த்துவந்தார். அது தேய்ந்துபோனால் அடுத்து எதை வாங்குவது என்ற கேள்வி எழுந்தது. 1947-இல் ரெட் வார்ஃப் விரிகுடாக் கடற்கரையில், தாம் நினைத்த வண்டியை ஈர மணலிலேயே அண்ணன் ஸ்பென்சருக்கு வரைந்து காட்டினார். லேண்ட் ரோவரின் முதல் வரைபடம் அதுதான். ஆக, உழவர் ஒருவரின் தேவையில் பிறந்த வண்டி இது.

கூரைக்குத் தனி விலை

1948 ஏப்ரல் 30, ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சி. லேண்ட் ரோவர் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்த நாள். விலை 450 பவுன். கதவின் மேற்பகுதியும் கூரையும் வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்ட வேண்டும். சக்கரம், எஞ்சின், சுமக்கும் இடம் ஆகியவையே வண்டிக்கு அடிப்படை என்று கருதிய காலம் அது.

மேடையேறிய சிறு படகு

அதே ஆண்டு செப்டம்பரில் இத்தாலியின் தூரின் கண்காட்சியில் ஃபெராரி 166 எம்.எம். வந்து நின்றது. கூரை கிடையாது. தாழ்வான உடல், உருண்ட விலா. பார்த்தவர்கள் அதற்கு ‘பார்கெட்டா’ என்று பெயர் வைத்தார்கள். இத்தாலிய மொழியில் சிறு படகு என்று பொருள். உடலைக் கட்டியது மிலான் நகரின் டூரிங் பட்டறை. அதை நிறுவிய ஃபெலிச்சே பியாங்கி ஆண்டெர்லோனி அந்த ஆண்டுதான் மறைந்திருந்தார். பொறுப்பேற்ற மகன் கார்லோ வடிவமைத்த முதல் வண்டி இந்தச் சிறு படகு.

இரண்டுக்கும் ஒரே எண்

ஃபெராரியின் பெயரில் உள்ள 166 எதைக் குறிக்கிறது? ஒரு சிலிண்டரின் கொள்ளளவை. 166 கன செ.மீ. கொண்ட 12 சிலிண்டர்கள் சேர்ந்தால் ஏறத்தாழ 2 லிட்டர். ‘எம்.எம்.’ என்பது மில்லே மில்யா, அதாவது ஆயிரம் மைல். பிரேசியாவில் புறப்பட்டு ரோமுக்குப் போய்த் திரும்பும் சாலைப் பந்தயத்தின் பெயர் அது. லேண்ட் ரோவரின் விற்பனைக்கு முந்தைய முதல் வண்டியின் பதிவெண்ணும் எச்.யூ.இ. 166 தான். தற்செயலாக அமைந்த ஒற்றுமை. இரண்டையும் நேசிப்பவர்களுக்கு இது ஒரு சின்ன மகிழ்ச்சி.

இரும்புப் பஞ்சம் தந்த வரம்

லேண்ட் ரோவருக்கு அலுமினிய உடல் எப்படி வாய்த்தது? போர் முடிந்த பிரிட்டனில் இரும்புத் தகட்டுக்குக் கடும் கட்டுப்பாடு. விமானம் கட்டும் வேலை குறைந்துபோனதால் அலுமினியம் தாராளமாகக் கிடைத்தது. ரோவர் நிறுவனம் அலுமினியத்தில் மக்னீசியம் கலந்த ‘பர்மாபிரைட்’ என்ற உலோகக் கலவையை எடுத்துக்கொண்டது. அச்சு வார்க்கப் பணமில்லை. அதனால் தகடுகளைத் தட்டையாக வெட்டி மடித்தே உடலைச் செய்தார்கள். இன்றும் கேமரன் மலைப் பட்டறைகளில் நசுங்கிய தகட்டைச் சுத்தியலால் நிமிர்த்திவிட முடிவது அந்தத் தட்டையான வடிவத்தால்தான்.

அங்கே எடை குறைக்க அலுமினியம்

ஃபெராரிக்கும் அலுமினிய உடல்தான். காரணம் வேறு. டூரிங் பட்டறை 1930-களிலேயே ‘சூப்பர்லெஜ்ஜேரா’ என்ற முறையைக் கண்டிருந்தது. மிக லேசானது என்று அதற்குப் பொருள். மெல்லிய எஃகுக் குழாய்களால் வண்டியின் உருவத்தைக் கூடுபோல் கட்டி, அதன்மேல் கையால் தட்டி உருவாக்கிய அலுமினியத் தகட்டைப் போர்த்துவார்கள். எலும்பும் தோலும் என்றே சொல்லலாம். 166 எம்.எம். சுமார் 650 கிலோ. முதல் லேண்ட் ரோவர் ஏறத்தாழ 1,200 கிலோ. ஒரே உலோகம் ஒரு நாட்டில் வேகத்துக்கும் இன்னொரு நாட்டில் பஞ்சம் பிழைக்கவும் உதவியது.

விமானத்தின் பச்சை

ஆரம்ப கால லேண்ட் ரோவர்கள் எல்லாம் ஏன் ஒரே பச்சை? போர் விமானங்களின் உட்புறத்துக்குப் பூச வாங்கிய வண்ணம் மிஞ்சிக் கிடந்தது. அதையே பூசினார்கள்.

மழைக்கு அஞ்சாத தோல்

கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மி.மீ.க்கு மேல் மழை. விடியலில் மூடுபனி வேறு. அலுமினியத்துக்குச் செந்துரு பிடிக்காது. அதன் மேற்பரப்பில் உருவாகும் ஆக்சைடு படலம் உள்ளே இருப்பதைக் காத்துவிடும். ஆனால் அடியில் இருக்கும் சட்டம் எஃகு. அது துருப்பிடிக்கும். அலுமினியமும் எஃகும் ஈரத்தோடு தொட்டுக்கொள்ளும் இடங்களில் மின்வேதி அரிப்பு ஏற்பட்டு அலுமினியம் வெள்ளைப் பொடியாய் உதிரும். பழைய வண்டி வாங்கப்போகும் அனுபவசாலி முதலில் குனிந்து சட்டத்தைத் தட்டிப் பார்ப்பது இதனால்தான்.

1,995-உம் 1,997-உம்

ஃபெராரி 166 எம்.எம்.மின் எஞ்சின் 1,995 கன செ.மீ. லேண்ட் ரோவர் 1,595 கன செ.மீ. எஞ்சினோடு தொடங்கியது. 1950-களின் தொடக்கத்தில் அது 1,997-ஆக வளர்ந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு! இந்த அளவில் இத்தாலிய எஞ்சின் 140 குதிரைத்திறன் தந்தது. பிரிட்டிஷ் எஞ்சின் தந்தது 52. லேண்ட் ரோவர் எஞ்சின் மட்டமானதா என்றால், கிடையாது. அடுத்த மூன்று துணுக்குகளையும் படியுங்கள்.

நெட்டை ஓட்டம், குட்டை ஓட்டம்

ஜொவாக்கினோ கொலம்போ வரைந்த ஃபெராரி எஞ்சினில் 12 சிலிண்டர்கள். ஒவ்வொன்றும் 60 மி.மீ. அகலம். பிஸ்டன் 58.8 மி.மீ. தூரமே மேலும் கீழும் போகும். லேண்ட் ரோவரின் நான்கு சிலிண்டர்களிலோ பிஸ்டன் 105 மி.மீ. பயணம் போய்வர வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபெராரி நிமிடத்துக்கு 6,600 சுற்று சுற்றும்போது பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்குச் சுமார் 13 மீட்டர். லேண்ட் ரோவர் 4,000 சுற்றிலேயே 14 மீட்டரைத் தொட்டுவிடும். நெடுந்தூரம் ஓடும் பிஸ்டன் அதற்குமேல் விரைந்தால் உறுப்புகள் தாங்காது. ஃபெராரி பிஸ்டனுக்கு ஓட்டம் குறைவு, அதனால் சுற்று அதிகம். பந்தய எஞ்சினின் ரகசியம் இதில்தான் இருக்கிறது.

நொடிக்கு 660 வெடிப்பு

ஃபெராரியின் உறுமலுக்கும் லேண்ட் ரோவரின் ‘தடதட’ சத்தத்துக்கும் காரணம் எண்ணிக்கைதான். 6,600 சுற்றில் 12 சிலிண்டர்களிலும் சேர்த்து நொடிக்கு 660 முறை எரிபொருள் வெடிக்கும். காதுக்கு அது ஒரே சுருதியாகக் கேட்கும். மேட்டில் 1,500 சுற்றில் ஏறும் லேண்ட் ரோவரில் நொடிக்கு 50 வெடிப்புதான். ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம் போலிருக்கும்.

இழுப்பது எது?

குதிரைத்திறன் வேகத்தைச் சொல்லும். முறுக்குவிசை இழுப்பைச் சொல்லும். லேண்ட் ரோவரின் 2 லிட்டர் எஞ்சின் தன் முழு முறுக்குவிசையை நிமிடத்துக்கு வெறும் 1,500 சுற்றிலேயே தந்துவிடும். எஞ்சின் அலற வேண்டியதில்லை. ஈரச் செம்மண் சரிவில் அலறினால் சக்கரம் சுழன்று பள்ளம் பறிக்கும், வண்டி நகராது. மெதுவாகச் சுற்றி உறுதியாக இழுப்பதுதான் தோட்டத்து மண்ணுக்குப் பொருத்தம்.

40 சுற்றுக்கு ஒரு சுற்று

லேண்ட் ரோவரில் வழக்கமான கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு குட்டிப் பெட்டி உண்டு. அதைத் தாழ்நிலைக்குத் தள்ளி முதல் கியரும் போட்டால், எஞ்சின் சுமார் 40 முறை சுற்றும்போது சக்கரம் ஒரு முறை சுற்றும். அப்போது எஞ்சின் மெல்ல ஓடினால் வண்டியின் வேகம் மணிக்கு 2 கிலோமீட்டர். கொழுந்துக் கூடையைச் சுமந்து மேடேறும் ஒருவரின் நடைக்கும் குறைவு. ஆக்சிலரேட்டரை மிதிக்காமலேயே வண்டி தானாக ஊர்ந்து ஏறும்.

சிவப்பும் மஞ்சளும்

ஓட்டுநரின் இடது முழங்காலருகே இரண்டு குமிழ்களைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் குமிழை அழுத்தினால் முன்சக்கரங்களும் இழுக்கத் தொடங்கும். சிவப்புக் குமிழ் தாழ்நிலை கியருக்கு. 1950 வாக்கில் வந்த இந்த ஏற்பாடு 1985 வரை மாறவில்லை. மூன்று தலைமுறை ஓட்டுநர்களுக்கு ஒரே பாடம்.

இறக்கமே பரீட்சை

ஏற்றத்தைவிட இறக்கம் ஆபத்தானது. மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். அதனால் மலை ஓட்டுநர்கள் தாழ்ந்த கியரில் இறங்குவார்கள். எஞ்சினே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். முதல் வரிசை (சீரீஸ்) லேண்ட் ரோவர்களில் முதலிரண்டு கியர்களுக்கு ஒத்திசைவு (சிங்க்ரோமெஷ்) வசதி கிடையாது. கிளட்சை இருமுறை மிதித்து, எஞ்சின் சுற்றைக் காதால் கேட்டு, பொருத்தம் பார்த்துக் கியர் போட வேண்டும். இந்த வசதி நான்கு கியருக்கும் வந்தது 1971-இல், மூன்றாம் வரிசையில். அதுவரை ஓட்டுநரின் காதும் காலும்தான் இந்த வேலையைச் செய்தன. அதை நான் பெரிய கலை என்றே சொல்வேன்.

பந்தயக் காருக்கும் பட்டை ஸ்பிரிங்

மாட்டுவண்டி காலத்துப் பட்டை ஸ்பிரிங் லேண்ட் ரோவருக்கு மட்டும் என்று நினைத்தீர்களா? 166 எம்.எம்.மின் பின்னச்சையும் பட்டை ஸ்பிரிங்தான் தாங்கியது. முன்புறத்தில்கூட ஒரு பட்டை குறுக்கே கிடந்தது. இரண்டு வண்டிக்கும் டிரம் பிரேக். 1948-இல் சாதாரணப் பொருள்களிலிருந்துதான் சரித்திரம் செய்தார்கள்.

பந்தயக் காரைவிடக் குட்டை

முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே முதல் லேண்ட் ரோவரில் 80 அங்குலம். அதாவது 2,032 மி.மீ. ஃபெராரியில் 2,200 மி.மீ. குட்டை வண்டி குறுகிய வளைவில் திரும்பும், மேட்டு விளிம்பில் வயிறு தட்டாது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகும் ஒற்றையடி மண்சாலைக்கு இந்த அளவு தைத்து வைத்ததுபோல் பொருந்தியது.

கிட்டத்தட்ட ஒருவரே ஓட்டிய வெற்றி

1949-இல் ஃபெராரி 166 எம்.எம். மில்லே மில்யாவை வென்றது. அதே ஆண்டு ஜூனில் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தையும் வென்றது. லெ மானில் லூயிஜி கினெட்டியும் செல்ஸ்டன் பிரபுவும் இணை. ஆனால் பந்தயத்தின் பெரும்பகுதியைக் கினெட்டி ஒருவரே ஓட்டினார். ஃபெராரிக்கு அதுதான் முதல் லெ மான் வெற்றி.

மெலிந்த காற்று, மூச்சு வாங்கும் எஞ்சின்

கேமரன் மலையின் தானா ராத்தா ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் சுமார் 85 விழுக்காடுதான். காற்று குறைந்தால் எஞ்சினின் வலுவும் அதே அளவுக்குக் குறையும். கார்புரேட்டர் பழைய கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றினால் கலவை கனத்து, புகை கறுத்து, பிளக்கில் கரி படியும். சமவெளியில் உள்ள ஈப்போவில் சரிசெய்த வண்டியை மலைக்கு வந்ததும் மறுபடி சரிசெய்ய வேண்டியிருந்தது இதனால்தான்.

லேண்ட் ரோவருக்குள் ஓர் இத்தாலியன்

ஃபெராரி 166-க்குக் காற்றும் பெட்ரோலும் கலந்து ஊட்டியவை மூன்று வெபர் கார்புரேட்டர்கள். எதோவார்தோ வெபர் பொலோனியா நகரில் தொடங்கிய நிறுவனம் அது. பின்னாளில் லேண்ட் ரோவரின் 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் அசல் கார்புரேட்டர் தேய்ந்தபோது, உலகெங்கும் பலர் மாற்றாகப் பொருத்தியது அதே வெபர் பெயர் தாங்கிய ஒற்றைக் கார்புரேட்டரைத்தான். பந்தயத் திடலின் உறவு ஒன்று பண்ணை வண்டிக்குள்ளும் வந்து உட்கார்ந்தது.

‘பைத்தியக்காரி’ தோற்ற கதை

இத்தாலியர்களும் 1951-இல் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி செய்து பார்த்தார்கள். ஆல்ஃபா ரோமியோ செய்த வண்டிக்கு ‘மாட்டா’ என்று செல்லப்பெயர். பைத்தியக்காரி என்று பொருள். அதற்குள் பந்தயக் கார் பரம்பரையில் வந்த இரட்டை கேம்ஷாஃப்ட் எஞ்சின்! மேடுகளைத் தாண்டுவதில் புலி. ஆனால் விலை கூடியது, பழுதுபார்ப்பதும் சிக்கலானது. ஃபியட் செய்த கம்பான்யோலா எளிமையானது, விலையும் குறைவு. ராணுவம் ஃபியட்டைப் பிடித்துக்கொண்டது. மாட்டாவின் உற்பத்தி 1954-இல் நின்றது. சேற்றில் கிடந்து பழுதுபார்க்க முடியாத நுட்பத்தால் என்ன பயன்?

டிராக்டரில் தொடங்கிய லம்போர்கினி

1948-க்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பொலோனியா பக்கத்துச் சிற்றூர்க்காரரான ஃபெருச்சோ லம்போர்கினி, போரில் மிஞ்சிய லாரி எஞ்சின்களை வைத்து டிராக்டர் செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1963-இல்தான் கார் பக்கம் வந்தார். உழவில் ஈட்டிய பணம் வேகக் காரானது. ஆங்கில்சியில் கார் பொறியாளர் உழவுக்கு வண்டி செய்தார், இத்தாலியில் உழவு எந்திரக்காரர் கார் செய்தார்.

இரண்டு மூன்று ஆண்டுக்கு மட்டும்

லேண்ட் ரோவரை எத்தனை காலம் செய்வதாக ரோவர் நிறுவனம் எண்ணியிருந்தது தெரியுமா? இரண்டு மூன்று ஆண்டுகள். ஏற்றுமதியில் கொஞ்சம் பணம் பார்த்துவிட்டு, சொகுசுக் கார்களுக்குத் திரும்பிவிடலாம் என்பது திட்டம். அதன் வழித்தோன்றலான டிஃபெண்டர் சாலிஹல் ஆலையிலிருந்து கடைசியாக வெளிவந்த நாள் 2016 ஜனவரி 29. அதற்குள் 67 ஆண்டுகள் ஓடிவிட்டன, 20 லட்சம் வண்டிகளுக்கு மேல் செய்தாகிவிட்டது.

மலாயாவின் 1948

ஆம்ஸ்டர்டாம் கண்காட்சி முடிந்து இரண்டு மாதம் ஆவதற்குள், 1948 ஜூனில் மலாயாவில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. காட்டோர முகாம்களுக்கும் தோட்டங்களுக்கும் இடையே ஓட பிரிட்டிஷ் படைகள் லேண்ட் ரோவரைப் பயன்படுத்தின. படை கழித்துவிட்ட வண்டிகள் பிறகு காய்கறித் தோட்டக்காரர்கள் கைக்கு வந்தன என்று மலைவாசிகள் சொல்வார்கள். துப்பாக்கி சுமந்த வண்டி முட்டைகோஸ் சுமக்க வந்தது நல்ல மாற்றம்தான்.

எண் பலகையில் ‘சி’

கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. பகாங் வண்டிகளின் எண் ‘சி’ எழுத்தில் தொடங்கும். ஆனால் மலைக்கான பழைய சாலை பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து ஏறுகிறது. சொந்த மாநிலத்துக்குள்ளேயே இறங்கும் சுங்கை கோயான் வழி மிகப் பின்னால்தான் வந்தது. மலையிலுள்ள பழைய லேண்ட் ரோவர்களில் மாவட்ட எல்லைக்குள் மட்டும் ஓட அனுமதி பெற்றவையும் உண்டு. அவை மலையை விட்டு இறங்குவதே இல்லை.

லண்டனிலிருந்து சிங்கப்பூர்

1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து கிளம்பினார்கள். ஐரோப்பா, மேற்காசியா, இந்தியா, பர்மா, சயாம் கடந்து, மலாயா முழுவதும் ஓட்டி 1956 மார்ச்சில் சிங்கப்பூர் சேர்ந்தார்கள். அந்த இரண்டில் ‘ஆக்ஸ்ஃபோர்ட்’ என்ற வண்டி 2019-இல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு லண்டனுக்குத் திரும்பிப் போனது. அப்போது அதன் வயது 64.

வண்டி வருமுன் கோவேறு கழுதை

வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885-இல் இந்த மலைப் பகுதியை அளந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. போ தேயிலைத் தோட்டத்தை ஜே.ஏ. ரசல் தொடங்கியது 1929-இல். அப்போது கையில் இருந்தவை பழைய சாலை உருளை ஒன்றும், ஆட்களும், கோவேறு கழுதைகளும். பாரத் தோட்டம் 1933-இல் தொடங்கியது. காடு வெட்டி, செடி நட்டு, லயத்தில் குடியிருந்து, மழையில் கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். லேண்ட் ரோவர் ஓடுவதற்கான சரிவுப் பாதைகளில் முதலில் நடந்தவை அவர்களின் கால்கள்தாம்.

கொழுந்து காத்திருக்காது

கிள்ளிய கொழுந்துக்கு உயிர் இருக்கிறது. அது தொடர்ந்து சுவாசிக்கும். சாக்கில் அமுக்கி வைத்தால் குவியலுக்குள் சூடேறி இலை சிவந்து கெட்டுவிடும். ஆலையின் வாட்டும் தட்டுக்கு அன்றைக்கே போய்ச் சேர வேண்டும். ஆகவே தேயிலையின் தரம் பாதையையும் வண்டியையும் நம்பியிருக்கிறது. முதல் லேண்ட் ரோவர் சுமக்கும் அளவு சுமார் 450 கிலோ. நான்கு முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். கோப்பைக்கு 2 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரே நடைக் கொழுந்தில் சுமார் 50,000 கோப்பைத் தேநீர்!

முகில் காட்டுக்கு வழி

பிரிஞ்சாங் மலை 2,000 மீட்டருக்கு மேல் உயரம். சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவைத் தாண்டி, பாசி போர்த்திய முகில் காட்டை ஊடுருவி உச்சி நோக்கி ஏறும் சாலை, தீபகற்ப மலேசியாவில் வண்டி போகக்கூடிய மிக உயரமான சாலை. சுற்றுலாப் பயணிகளை அங்கே ஏற்றிப்போகும் வண்டிகளில் லேண்ட் ரோவர் இன்றும் முன்னணியில் நிற்கிறது.

சிப்பாங்கில் ஃபெராரி

ஃபெராரி மலேசியாவில் பெருமை சேர்த்த இடம் சமவெளியில் இருக்கிறது. 1999 அக்டோபர் 17, சிப்பாங்கில் முதல் ஃபார்முலா 1 பந்தயம். வென்றவர் ஃபெராரி ஓட்டிய எடி இர்வைன். கால் முறிந்து குணமாகித் திரும்பிய மைக்கேல் ஷூமாக்கர் இரண்டாவது.

ஃபோர்மேன் கையில் மறுபிறவி

மலேசியத் தமிழர்கள் மெக்கானிக்கை ‘ஃபோர்மேன்’ என்றுதான் அழைப்போம். அந்த ஃபோர்மேன்களுக்கு லேண்ட் ரோவர் பிடித்துப்போனதற்குக் காரணம் அதன் உடல் நட்டும் போல்ட்டும் போட்டு இணைத்தது. கதவு, மட்கார்டு, பானெட் எல்லாவற்றையும் ஸ்பானர் போட்டே கழற்றலாம். ஒரு வண்டியின் கதவு இன்னொன்றுக்குப் பொருந்தும். முன்புறம் ஒரு காலத்தது, பின்புறம் ஒரு காலத்தது, எஞ்சின் ஜப்பானியது என்ற நிலையிலும் வண்டி ஓடும். நூறு முறை ஒட்டுப்போட்ட பிறகும் அதே பெயரோடு உழைக்கும் இந்தப் பொறுமைக்குப் பின்னால், எண்ணெய்க் கறை படிந்த கைகள் இருக்கின்றன. ஃபெராரியை வரைந்தவர்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. இந்தக் கைகளுக்குரியவர்களின் பெயர்களையும் யாராவது எழுதி வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

தொலைந்துபோன கண்காட்சி வண்டி

1948 ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்குப் போன லேண்ட் ரோவர்களில் ஒன்று பல ஆண்டுகள் காணாமல் போயிருந்தது. கடைசியில் அது கண்டெடுக்கப்பட்டது, அது பிறந்த சாலிஹல்லிலிருந்து சில மைல் தொலைவில். அதைப் பழைய நிலைக்கே கொண்டுவரும் வேலையை லேண்ட் ரோவர் நிறுவனம் 2018-இல் அறிவித்தது.

ராணிப்பேட்டைக்கு வந்த பெயர்

2008-இல் ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் ஃபோர்டு நிறுவனத்திடமிருந்து டாடா மோட்டார்ஸ் வாங்கியது. 2024 செப்டம்பர் 28-இல் தமிழ்நாட்டின் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடாவின் புதிய கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். முதலீடு 9,000 கோடி ரூபாய். ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளும் அங்கே தயாராகும் என்பது அப்போதைய திட்டம். வேல்ஸ் கடற்கரை மணலில் தொடங்கிய கோடு, மலாயாத் தேயிலைச் சரிவைச் சுற்றிக்கொண்டு பாலாற்றுப் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறது.

நிறைவாக ஒன்று

ஃபெராரி 166 அழகு, ஐயமே இல்லை. 660 வெடிப்புகளை ஒரே சுருதியில் பாடவைத்தவர்களை வணங்கலாம். அதே வணக்கம், 40 சுற்றை ஒரு சுற்றாக்கி ஏழைத் தோட்டக்காரரின் மூட்டையை மேடேற்றியவர்களுக்கும் சேர வேண்டும். அடுத்த முறை கேமரன் மலைக்குப் போகும்போது, ஹாபு பக்கத்திலோ கம்போங் ராஜாவிலோ ஒரு பழைய லேண்ட் ரோவர் நின்றால் கொஞ்சம் நில்லுங்கள். “அண்ணே, இது எந்த வருசத்து வண்டி?” என்று ஓட்டுநரைக் கேளுங்கள். அவர் பதில் சொல்லும் நேரத்தில் அந்தச் சிவப்புக் குமிழைப் பாருங்கள். மூன்று தலைமுறைக் கைகள் பிடித்துப் பிடித்து அதன் சாயம் தேய்ந்திருக்கும்.